நாற்பதாம் நாள் பெட்டி

அந்தச் சனிக்கிழமை காலையில் பெட்டி வந்தபோது தெருவே என் வீட்டு வாசலில் நின்றது. நான் யாரையும் அழைக்கவில்லை. எங்கள் தெருவில் அழைக்கத் தேவையும் இல்லை. பெட்டி லாரி திருப்பத்தில் ஹாரன் அடித்தால் போதும், குளித்துக்கொண்டிருப்பவன்கூடத் துண்டோடு வந்துவிடுவான். வெளிநாட்டில் வேலை பார்ப்பவள் அனுப்பும் பெட்டியை வாசலில் வைத்துத்தான் திறக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சோப்பாவது கொடுக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி திறந்தவன் வீட்டுச் சாவுக்கு அப்புறம் ஆள் வராது.

என் மனைவி மரிசோல் சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். போன வருடம் அவளால் பெட்டி அனுப்ப முடியவில்லை. அந்த ஒரு வருடமும் அடுத்தவன் வாசலில் நின்று அடுத்தவன் கொடுத்த சோப்பை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். பிலிப்பைன்ஸில், இந்த இலோயிலோவில் மோட்டார் டிரைசைக்கிள் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? அதனால் அன்று தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

பெட்டி புத்தம் புதிதாக இருந்தது. மரிசோல் எப்போதும் ஆறு பக்கமும் கறுப்பு மையால் ‘எஃப்ரென்’ என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்புவாள். இதில் அச்சடித்த சீட்டு ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது.

"துறைமுகத்துல மழையில நனைஞ்சு அட்டை கிழிஞ்சுபோச்சு மனோங்," என்றான் லாரிக்காரன். அவனுக்கு என் தம்பி வயது இருக்கும்; மனோங் என்றால் எங்களுக்கு அண்ணன், மனாங் என்றால் அக்கா. "உள்ள பெரிய பிளாஸ்டிக் மூட்டையா கட்டியிருந்தாங்க. கட்டுகூடப் பிரிக்காம அப்படியே தூக்கி வேற அட்டையில வெச்சுட்டோம். சீட்டுல உங்க பேருதானே? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

என் பெயர்தான். போட்டேன்.

என் மகள் ஜெசா பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வயது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எட்டு மாதம் முன்னால் நோட்டுத் தாளில் அவளை நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, விடுமுறை முடிந்து தம்மாம் திரும்பிய ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். ஷூ வாங்க இங்கே எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். எண்ணைச் சொன்னால் கடைக்குக் கடை மாறும், கால் மாறாது.

நான் மூட்டையை அவிழ்த்து அள்ளி அள்ளிக் கொடுத்தேன். சோப்பு, துண்டு, டப்பாக்கறி, சாக்லேட். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று யார் பார்த்தது? "மனாங் பெபாங், இந்தாங்க." "டேய், உங்கம்மாவுக்கு இதைக் குடு." எதிர்வீட்டு மனோங் அர்செனியோவுக்குச் சென்ட் புட்டி ஒன்று போனது. அவர் ஒரு நோட்டரி வக்கீலிடம் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தவர். அதனால் எங்கள் தெருவின் உச்ச நீதிமன்றம் அவர்தான். புட்டியை அங்கேயே திறந்து கழுத்தில் பூசிக்கொண்டார்.

நடுவில் ஒரு ஆண் சட்டை வந்தது. அதற்குள் இரண்டு எஃப்ரென் போடலாம், அவ்வளவு பெரியது. "பொண்டாட்டி உன்னை மறந்துட்டாடா," என்றான் ஒருவன். "இல்ல, நீ தின்னு தேறுவேன்னு நம்புறா," என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அடியில் பூப்போட்ட நைட்டி ஒன்றில் சுற்றிக் கடைசிப் பொருள் இருந்தது. கறுப்பு ஷூ, வார் வைத்தது. ஜெசா கையை நீட்டினாள். உள்ளே தாள் ஏதோ திணித்திருந்ததால் முதலில் அதை எடுத்தேன். நோட்டுத் தாள். பாதத்தைச் சுற்றிப் பென்சில் கோடு. சின்னப் பாதம். நடுவில் குழந்தை எழுத்தில் ‘ஷெனா, 9 வயது.’ ஓரத்தில் பெரியவர் எழுத்தில் ‘ஒரு கட்டை விரல் கூட்டி வாங்கணும்.’

இது எங்கள் பெட்டி இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து நாலு வார்த்தை. ஆனால் சுற்றிலும் முப்பது பேர் சோப்பும் டப்பாவுமாக நின்று என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கிடைத்த வாழ்த்து. தாளை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்டவன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

ஷூ ஜெசாவின் பாதத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. குதிகாலை நெருக்கி நெருக்கிப் பார்த்தாள்.

"கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்மா," என்றேன்.

"அம்மாவுக்கு என் காலு மறந்துபோச்சு," என்றாள். அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். ஷூவை மனாங் பெபாங் தன் மகளுக்கு வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண் மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள்.

ஞாயிறு மதியம் மரிசோல் வீடியோவில் வந்தாள். ஜெசா போன் பக்கம் வரவே இல்லை.

"ஷூ சரியா இருக்கா? விரல் இடம் விட்டு வாங்கினேன்," என்றாள் மரிசோல்.

"கச்சிதமா இருக்கு."

"காட்டு."

"வெளிய விளையாடப் போயிருக்கா."

"இரு, உனக்குப் பின்னால கொடியில தொங்கறது என்ன? நீலத் துண்டு. நான் நீலத் துண்டு வாங்கவே இல்லையே."

நான் போனைத் திருப்பினேன். திருப்பின பக்கம் வாசலில் பெரிய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு நிகர் நான்தான்.

"எஃப்ரென், அது யாரோட சாமான்?"

சொன்னேன். தாளைப் பற்றியும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு பெட்டி நிறைய ஒரு வருஷம் ஆகும் எஃப்ரென். ஒரு மாசம் சோப்பு, ஒரு மாசம் துண்டு. கட்டிலுக்குப் பக்கத்துல பெட்டிய வெச்சுக்கிட்டு, தூக்கம் வராதப்ப திறந்து திறந்து பாப்போம். அதை நீ ஒரு காலையில வாரி எறிஞ்சுட்டியா? தெரிஞ்சே எறிஞ்சியா?"

"முக்காவாசி தெரியாம."

"மீதியை?"

நான் போனைத் தாழ்த்தினேன். "போய் அவங்களைக் கண்டுபிடி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் நேராக மனோங் அர்செனியோ வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

"பெட்டி மேல யாரு பேரு?" என்றார்.

"என் பேரு."

"கையெழுத்து போட்டது?"

"நான்."

"தப்பு யாரு பண்ணினது? கம்பெனி. அப்புறம் உனக்கென்ன கவலை? உன் பேருல வந்தது உன்னோடது. போய்ப் படு."

நான் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெகுநேரம் படித்தார், இத்தனைக்கும் அதில் இரண்டு வரிதான்.

"சரி. உண்மையான சட்டத்தைக் கேளு. தப்பா வந்ததைத் திருப்பிக் குடுக்கணும். அது ஒண்ணு. அடுத்தவனோடதுன்னு தெரிஞ்சும் அமுக்கிக்கிட்டா திருட்டுக் கேஸ் ஆகும். அது இன்னொண்ணு. இந்தத் தாளை நீ பாத்தது எனக்கு சென்ட் குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"நல்ல வேளை," என்றார். அவருக்கு நல்ல வேளை.

"அப்ப முதல்ல ஏன் மனோங் என்னோடதுன்னு சொன்னீங்க?"

"முதல்ல நீ தாளைக் காட்டலையே. நானும் என் கழுத்துல என்ன இருக்குன்னு யோசிக்கல."

திங்கள் காலை கம்பெனிக்குப் போன் செய்தேன். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது, புகார் என்றால் படிவம் அனுப்புகிறோம், காத்திருங்கள் என்றாள் ஒருத்தி. தாளின் பின்பக்கம் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முக்கால் மணி நேரம். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். எங்கள் பெட்டி அவர்களிடம் போயிருக்கும். அவர்களும் வாரி இறைத்திருப்பார்கள். இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகலாம்.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி, "ஷெனாவா? ஸ்கூலுக்கு வரதில்ல. வீட்டுல துக்கம்," என்று வழி காட்டினார். யாரோ வயசானவர் போயிருப்பார் என்று நினைத்தேன்.

துக்க வீட்டுக்கு வந்தவனிடம் யார் என்று கேட்காமல் காப்பி கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள். பிஸ்கட்டும் கொடுத்தார்கள். காப்பியை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மேஜை மேல் ஒரு பெண்ணின் படம், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. மேஜைக்குக் கீழே புத்தம் புது அட்டைப்பெட்டி, எங்கள் வீட்டுக்கு வந்ததைப் போலவே, அதே அச்சடித்த சீட்டோடு. ஒட்டுநாடா பிரிக்கவே இல்லை. அதன் மேல் காதை வைத்துச் சாய்ந்துகொண்டு ஒரு சிறுமி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காலில் ரப்பர் செருப்பு.

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரிய உடம்புக்காரன் வில்மர், அவள் கணவன். தச்சன். அந்தச் சட்டை யாருக்கு வாங்கியது என்று பார்த்ததும் தெரிந்தது.

"ரொவேனாவை உங்களுக்குத் தெரியுமா மனோங்?"

"அவங்க அனுப்பின... ஆமா, கொஞ்சம்."

"ஜித்தாவுல வேலை செய்யற வீட்டுல நின்னுக்கிட்டே விழுந்துட்டா. இதயம்னு சொன்னாங்க. மூணு வாரம் கழிச்சு பிளேன்ல வந்தா. அடக்கம் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. இந்தப் பெட்டிய அவ நல்லா இருக்கறப்பவே கப்பல்ல போட்டிருக்கா. சனிக்கிழமை வந்துச்சு. அவ முன்னாடி வந்துட்டா, பெட்டி பின்னாடி வருது." அவன் பெட்டியைப் பார்த்தான். "புதன்கிழமை நாப்பதாம் நாள். ஜெபம் முடிஞ்சதும் திறக்கலாம்னு வெச்சிருக்கோம். இவ அதை விட்டு நகர மாட்டேங்கறா."

சிறுமி என்னைப் பார்த்தாள். "உள்ள என் ஷூ இருக்கு. நான் என் காலை அனுப்பியிருந்தேன்," என்றாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என் மரிசோலின் டப்பாக்கறி. ஜெசாவின் ஷூ. அதற்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ரொவேனாவின் சோப்பை என் தெரு தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தது. எழுந்தேன். சொல்லாமலே வாசலுக்கு வந்தேன். வண்டியை மூன்று தடவை உதைத்தும் கிளம்பவில்லை. சாவியைப் போடவே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன்.

அர்செனியோவிடம் சொன்னபோது அவரும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாத ஒரு வழி இருக்கு," என்றார். "விட்டுடு. பெட்டிக்குப் பெட்டி. அவங்களுக்குத் தெரியாது. புதன்கிழமை திறப்பாங்க, சாமான் இருக்கும், ரொவேனா அனுப்பினதுன்னு சந்தோஷமா அழுவாங்க. புகார் குடுக்கறவன் இல்லாத இடத்துல கேஸ் ஏது? நீ போய்ச் சொன்னா அவங்களுக்கு அவ ரெண்டாம் தடவை சாவா."

நான் அன்று முழுவதும் அதை மென்றுகொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, பாதி மனது ஒத்துக்கொண்டது. சாயங்காலம் ஜெசா வாசலில் உட்கார்ந்து பழைய ஷூவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் அது தோன்றியது. புதன்கிழமை அந்தப் பெட்டியிலிருந்து ஜெசா அளவு ஷூ வெளியே வரும். ஷெனா காலை விடுவாள். தொளதொளவென்று கழன்று விழும். அம்மாவுக்கு என் கால் மறந்துபோச்சு என்பாள். அப்புறம் அதைப் போய் யாரிடம் கேட்பாள்? ஜெசாவுக்காவது ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வருகிறது.

ஜெசாவிடம் தாளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அம்மா மறக்கல," என்றாள். பிறகு, "உனக்கு சனிக்கிழமையே தெரியும். நான் உள்ள போய் அழுதேன், அப்பவும் நீ சொல்லல," என்றாள். அதற்கப்புறம் அன்று என்னிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போனேன். செத்தவளின் சாமான் என்றதும் தெரு ஆடிப்போய்விட்டது. "செத்தவ சோப்புலயா என் புள்ளைய குளிப்பாட்டினேன்?" என்று மனாங் பெபாங் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஷூவைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பாதி கரைந்த சோப்புகள் வந்தன. துண்டுகள் துவைத்து வந்தன. சாக்லேட் வரவில்லை, அது தெருவின் வயிற்றில் இருந்தது. அர்செனியோ சென்ட் புட்டியைக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை உன் வாசல், ஞாயித்துக்கிழமை சர்ச், அப்புறம் உனக்குச் சட்டம். அவ்வளவுதான் குறைஞ்சிருக்கு," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

புதன்கிழமை ஜெசாவையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஜெபம் முடிந்திருந்தது. வில்மர் கையில் கத்தியோடு பெட்டிக்கு முன்னால் குனிந்திருந்தான். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர்.

"திறக்காதீங்க," என்றேன். "அது என் பொண்டாட்டி பெட்டி. ரொவேனாவோட பெட்டி எனக்கு வந்துச்சு."

ஜெபம் சொல்லிக்கொடுத்த அம்மாள் கையிலிருந்து ஜெபமாலை நழுவிக் கீழே விழுந்தது. அதைக்கூட யாரும் குனிந்து எடுக்கவில்லை. வில்மர் மெதுவாக நிமிர்ந்தான். கத்தி கையிலேயே இருந்தது.

"திங்கக்கிழமை இங்க உக்காந்து காப்பி குடிச்சீங்க."

"குடிச்சேன்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பெட்டியத் திறக்கறப்ப?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சாட்சி ஒரு தாள்தான், அதுவும் என் பையில். எடுத்து நீட்டினேன். "அடியில வந்தப்ப தெரிஞ்சுது. மறைச்சுட்டேன். போலீசுக்குப் போறதுன்னா நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

வில்மர் தான் எழுதிய அந்த ஓர எழுத்தைப் பார்த்தான். கட்டை விரல் கூட்டி வாங்கணும். கத்தியை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஷெனா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நான் இத்தனை நாளா யாருகிட்ட பேசினேன்?" என்றாள்.

என்னை யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் விடவில்லை. நான் கொண்டுவந்த கரைந்த சோப்பையும் மடித்த துண்டையும் பார்த்தபடி நின்றார்கள்.

வில்மர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "சாமான் போனா போகுது. அவ எப்படி அடுக்கியிருந்தான்னு சொல்லுங்க. பெட்டியப் பிரிச்சது நீங்க ஒருத்தர்தானே. அவ கையால வெச்சதை வெச்சபடி பாத்தது நீங்கதான். மேலேர்ந்து சொல்லுங்க."

"மேல ஒரு நீலத் துண்டு இருந்துச்சு," என்றேன். "அப்புறம் சோப்பு... டப்பா..." அதற்கு மேல் வரவில்லை. அள்ளியதும் வீசியதும்தான் ஞாபகத்தில் இருந்தது. முப்பது பேர் சிரித்தது இருந்தது. அவள் அடுக்கியது இல்லை. ஒரு மனிதன் கேட்ட ஒரே பொருள், அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"நீலத் துண்டுக்குக் கீழ சோப்பு பன்னெண்டு," என்றாள் ஜெசா.

அவள் ஷெனாவுக்கு எதிரில் போய் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று வாசலில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. ஒவ்வொரு பொருள் வெளியே வந்தபோதும் அடுத்தது என் ஷூ, அடுத்தது என் ஷூ என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"சோப்பு ரெண்டு வரிசை. நடுவுல சாக்லேட் டப்பா, உடையாம இருக்கத் துணி சுத்தி. அதுக்குக் கீழ டப்பாக்கறி, எல்லாம் படம் மேல தெரியற மாதிரி. ஓரத்துல சென்ட், சாக்ஸுக்குள்ள. அப்புறம் சட்டை, உங்கப்பாவோடது. பொத்தான் எல்லாம் போட்டு மடிச்சிருந்துச்சு. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு துண்டு. கடைசியில பூப்போட்ட நைட்டி."

"அது அம்மாவோட நைட்டி," என்றாள் ஷெனா.

"அதுல சுத்தி உன் ஷூ."

ஷெனா நாங்கள் கொண்டுவந்த சாமானிலிருந்து ஷூவை எடுத்தாள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்ந்திருந்தது. காலை விட்டாள். நுழைந்தது. ஜெசா குனிந்து நுனியில் விரலை வைத்து அழுத்தினாள், மரிசோல் கடையில் அழுத்துவது போல. ஒரு கட்டை விரல் இடம் இருந்தது.

"எல்லாத்துக்கும் கடைசியிலயா வெச்சாங்க?" என்றாள் ஷெனா.

"இல்ல," என்றாள் ஜெசா. "அடியில இருந்துச்சு. அதைத்தான் உங்கம்மா முதல்ல வெச்சிருக்காங்க."